வீட்டுத் திரையும் படைப்பின் சட்டகமும்

முன்னுரை

திரையரங்கில் காண்பதற்கென ஆக்கப்பட்ட படத்தை வீட்டில் அமர்ந்து காண்பது இன்று எல்லார்க்கும் இயல்பாகிவிட்டது. தொலைக்காட்சி, வீடியோ நாடா, டி.வி.டி. தட்டு, இணையவழித் திரை எனக் கருவிகள் மாறி மாறி வந்தாலும் ஒரு வினா மட்டும் மாறாமல் நிற்கிறது. படம் ஓடுகையில் திரையின் மேலும் கீழும் கரிய பட்டைகள் தோன்றினால் அவற்றை அப்படியே விட்டுவிடுவதா, படத்தைப் பெருக்கித் திரை முழுவதையும் நிரப்புவதா என்பதே அவ்வினா. முன்னதை அகலத்திரை வடிவம் என்றும் பின்னதை முழுத்திரை வடிவம் என்றும் வழங்குவர்.

'காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் பாதி இருட்டாகக் கிடப்பதா?' என்பது இல்லங்களில் பொதுவாக எழும் குறை. கேட்ட மாத்திரத்தில் இக்குறை நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் பெட்டியின் பரப்பு வேறு, படத்தின் பரப்பு வேறு என்பதை உணர்ந்தால் இதன் மறுபக்கம் புலனாகும். இவ்விரு வடிவங்களின் தோற்றம், அவற்றால் விளையும் ஆதாயமும் இழப்பும், அவற்றுள் ஒன்றைத் தேரும் நெறி ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விகிதம் பிறந்த வரலாறு

ஒரு படத்தின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அதன் விகிதம் எனப்படும். அகலம் நான்கு முழமும் உயரம் மூன்று முழமும் எனில் விகிதம் 1.33 ஆகும். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பார் 1890களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு வடிவம் தந்தபோது, நான்கு துளைகளின் உயரமுள்ள சட்டகத்தை அமைத்தார். அதன் விகிதம் 1.33. பேசும்படம் தோன்றியபின் சுருளின் ஓரத்தில் ஒலித்தடத்திற்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதனால் அமெரிக்கத் திரைப்படக் கலை அறிவியல் கழகம் 1932இல் 1.37 என்னும் விகிதத்தைப் பொது அளவாக ஏற்றது. அதன்பின் வளர்ந்த தொலைக்காட்சியும் இவ்வடிவத்தைத் தழுவி 4:3 என்னும் அளவை மேற்கொண்டது. எனவே 1950ஆம் ஆண்டளவில் அரங்கத் திரைக்கும் வீட்டுத் திரைக்கும் இடையே வடிவ வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம்.

வேறுபாட்டை விளைவித்தது போட்டி. தொலைக்காட்சி பரவப் பரவ அமெரிக்க அரங்குகளில் கூட்டம் குறைந்தது. வீட்டில் காண இயலாத ஒன்றைத் தந்தாலன்றி மக்கள் அரங்கிற்கு வாரார் எனப் படநிறுவனங்கள் கருதின. மூன்று எறிகருவிகளைக் கொண்டு வளைந்த பெருந்திரையில் காட்டும் சினிராமா 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் அறிமுகமாயிற்று. மறு ஆண்டு செப்டம்பரில் 'தி ரோப்' என்னும் படம் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கிரெத்தியன் உருவாக்கிய வில்லை, அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சுருளில் பதிக்கும். அரங்கில் அதற்கிணையான வில்லை அதனை மீண்டும் விரித்துக் காட்டும். முதலில் 2.55 ஆக இருந்த இதன் விகிதம் பின்னர் 2.35 ஆயிற்று. இவ்வில்லையைப் பயன்படுத்தாத நிறுவனங்கள், பழைய சட்டகத்தின் மேலும் கீழும் மறைத்து 1.85 விகிதத்தில் காட்டின. ஐரோப்பாவில் 1.66 விகிதமும் வழங்கியது. இவற்றையெல்லாம் விஞ்சி 1959இல் வந்த 'பென்-ஹர்' 2.76 விகிதத்தில் எடுக்கப்பட்டது.

அதே 1959இல் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' இந்தியாவின் முதற் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. தமிழில் அப்பெருமை 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' படத்திற்கு உரியது. ஆக, அகலத்திரை என்பது சின்னத்திரைக்கு எதிராகவே பிறந்த வடிவமாகும். அவ்வடிவமே பிற்காலத்தில் சின்னத்திரைக்குள் புகநேர்ந்ததுதான் சிக்கலின் தோற்றுவாய்.

சின்னத்திரையில் நேர்ந்த மாற்றங்கள்

1961 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, வாரந்தோறும் சனிக்கிழமை இரவில் திரைப்படம் ஒளிபரப்பத் தொடங்கியது. முதலில் காட்டப்பட்ட 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' (1953) ஒரு சினிமாஸ்கோப் படம். அகன்ற படத்தை 4:3 பெட்டியில் அடைக்க மூன்று வழிகளே உண்டு.

முதலாவது, படத்தின் முழு அகலத்தையும் பெட்டியின் அகலத்திற்குச் சுருக்கி, எஞ்சிய இடத்தை மேலும் கீழும் கரிய பட்டைகளாக விடுவது. இதுவே அகலத்திரை வடிவம்.

இரண்டாவது, படத்தின் உயரத்தைப் பெட்டியின் உயரத்திற்கு ஈடாக்கி, பக்கங்களில் மிகுவதை வெட்டுவது. எப்பக்கத்தை வெட்டுவது என்பதை ஒருவர் காட்சிதோறும் முடிவு செய்வார். இதனைத் தொழில்முறையில் 'பேன் அண்டு ஸ்கேன்' என்பர். முழுத்திரை வடிவங்களுள் பெரும்பாலன இவ்வகையின.

மூன்றாவது, படத்தை வெட்டாமல் நெருக்கி அல்லது இழுத்து நிரப்புவது. இதனால் மாந்தர் நெட்டையராகவோ பருத்தவராகவோ தோன்றுவர். முழுநிலவு முட்டையாகும். இவ்வழி எவ்வகையாலும் ஏற்கத்தக்கதன்று.

முதல் இரண்டின் இழப்பையும் கணக்கிட்டுக் காணலாம். 2.35 விகிதப் படத்தை 1.33 விகிதப் பெட்டிக்கு வெட்டினால் ஏறத்தாழ 43 விழுக்காடு போய்விடும். 1.85 விகிதப் படத்தில் 28 விழுக்காடு போகும். 'பென்-ஹர்' படத்திலோ பாதிக்கும் சற்று மிகுதியாகவே போகும். தேர்ப்போட்டியில் இரு தேர்கள் அருகருகே ஓட, எட்டுக் குதிரைகளும் ஒருசேரப் பாயும் காட்சியில் ஒரு தேரைக் காட்ட மற்றொன்றைக் கைவிட வேண்டியிருக்கும். போட்டியைக் காட்டவந்த சட்டகத்தில் போட்டியாளருள் ஒருவர் இல்லாமற் போவார்.

வெட்டுண்டது எது?

இழப்பை விழுக்காட்டால் மட்டும் அளப்பது போதாது. வெட்டுபவர் பெரும்பாலும் பேசும் முகத்தைக் காத்து, பேசாத பகுதியைக் கைவிடுவார். கதை புரிய வேண்டுமே என்னும் நோக்கில் இது சரியான முடிவாகவே தோன்றும். ஆனால் பேசுபவரைக் காட்டிலும் கேட்பவர் முகத்திலன்றோ சில காட்சிகளின் பொருள் தங்கியிருக்கிறது? மகன் பேச, அறையின் மறுகோடியில் நின்று தாய் கேட்கும் காட்சியில் தாயை வெட்டிவிட்டால் உரையாடல் எஞ்சும், உறவு எஞ்சாது.

தமிழ் பயின்றோர்க்கு இதனை எளிதாக விளக்கலாம். முதல், கரு, உரி என மூன்று கூறுகளால் அகப்பாடல் இயங்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மரமும் விலங்கும் பறவையும் பிறவும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். உரிப்பொருளே தலைமையானது என்பதற்காக மற்ற இரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு செய்தியேயன்றிப் பாடலாகாது. பேன் அண்டு ஸ்கேன் முறை செய்வதும் இதுவே. மாந்தரைக் காத்து, அவர் நின்ற நிலத்தை நீக்குகிறது.

'லாரன்ஸ் ஆப் அரேபியா' (1962) படத்தில், கானல் அலையும் தொடுவானத்திலிருந்து ஒட்டகத்தில் வரும் ஒருவர் முதலில் ஒரு புள்ளியாகத் தோன்றி மெல்ல மெல்ல உருப்பெறுகிறார். அக்காட்சியின் அச்சமும் வியப்பும் அப்புள்ளியைச் சூழ்ந்த வெறுமையில்தான் உள்ளன. பாலைநிலத்தின் பரப்பைக் குறைத்தால் காத்திருப்பின் நீளமும் குறைந்துபோகிறது. 'காகஸ் கே பூல்' படத்தில் வெறிச்சோடிய படப்பிடிப்புக் கூடத்தில் ஒளிக்கற்றை ஒன்று மேலிருந்து இறங்குகிறது. அங்கு நிற்கும் இயக்குநரின் தனிமையைக் காட்டுவது அவரைச் சுற்றியுள்ள வெற்றிடமே. ஒன்றுமில்லாத இடம் என்று கருதி வெட்டுபவர் அத்தனிமையை வெட்டுகிறார்.

இன்னும் இரண்டு மாற்றங்களும் உடன் நிகழ்கின்றன. ஒளிப்பதிவாளர் கருவியை அசையாது நிறுத்தி எடுத்த காட்சியில், வெட்டுபவர் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்திற்குச் சட்டகத்தை நகர்த்துகிறார். படைப்பாளி எண்ணியிராத அசைவு அங்குத் தோன்றுகிறது. அல்லது ஒரே காட்சியை இரண்டாக முறித்து மாற்றி மாற்றிக் காட்டுகிறார். எண்ணியிராத வெட்டு அங்குத் தோன்றுகிறது. ஆகவே முழுத்திரை வடிவம் படத்தைக் குறைப்பதோடு நில்லாமல் அதனை வேறொரு படமாகவும் ஆக்குகிறது.

1954இல் வெளிவந்த 'செவன் பிரைட்ஸ் பார் செவன் பிரதர்ஸ்' படத்தைச் சினிமாஸ்கோப்பில் ஒருமுறையும், அவ்வசதியற்ற அரங்குகளுக்கெனச் சாதாரண வடிவில் ஒருமுறையும் படம்பிடித்தனர். ஒன்றிலிருந்து மற்றொன்றை வெட்டியெடுக்காமல், பொருட்செலவைப் பாராது இருமுறை எடுத்தமை நோக்கத்தக்கது. ஒவ்வொரு வடிவத்திற்கும் தனித்த அமைப்பு வேண்டும் என்பதைத் தொழில் வல்லார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

படைப்பாளர் குரல்

இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் சிலர். வுடி ஆலன் தம் 'மன்ஹாட்டன்' (1979) படத்தின் வீடியோ நாடா முழு அகலத்துடனேயே வெளிவர வேண்டும் என வலியுறுத்தி அவ்வாறே வெளிவரச் செய்தார். 1984இல் தோன்றிய கிரைட்டீரியன் வெளியீட்டார், லேசர் தட்டுகளில் படங்களை உரிய விகிதத்தில் தரும் வழக்கத்தை வளர்த்தனர்.

இயக்குநர் சிட்னி போலக் நீதிமன்றத்தையே நாடினார். தம் 'த்ரீ டேஸ் ஆப் தி காண்டார்' (1975) படத்தைப் பக்கங்கள் வெட்டி ஒளிபரப்பியதற்காக டென்மார்க்குத் தொலைக்காட்சி மீது அவர் தொடுத்த வழக்கில் 1997இல் தீர்ப்பு வந்தது. சட்ட நுணுக்கம் ஒன்றினால் வழக்கு அவர் பக்கம் முடியவில்லை. எனினும் அவ்வாறு வெட்டுவது படைப்பைச் சிதைப்பதாகும் என நீதிமன்றம் கருத்துரைத்தது. ரசனை பற்றிய பூசலாகத் தோன்றிய ஒன்று, படைப்பாளியின் உரிமை பற்றிய வினாவாக உயர்ந்தது இவ்வழக்கினால் எனலாம்.

முழுத்திரையார் கூற்றும் மறுமொழியும்

எதிர்த்தரப்பின் கூற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். 2006இல் தமிழக அரசு இல்லங்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி 14 அங்குல அளவினது. 14 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 4:3 வடிவில் அதன் அகலம் 11.2 அங்குலம், உயரம் 8.4 அங்குலம். அதில் சினிமாஸ்கோப் படத்தை முழு அகலத்தோடு காட்டினால் படத்தின் உயரம் ஏறத்தாழ 4.8 அங்குலமே. அவ்வளவு சிறிய பரப்பைப் பத்தடி தொலைவிலிருந்து குடும்பமே பார்க்க வேண்டும். முகங்கள் தெளிவாகத் தெரியா. கண்பார்வை குன்றிய முதியோர்க்கு அது பெருந்துன்பம். அத்தகைய இல்லத்தில் முழுத்திரையை விரும்பியவர்களை ரசனையற்றவர் எனப் பழிப்பது முறையன்று. அவர்கள் முகத்தைக் காண விரும்பினார்கள், அவ்வளவே.

எனினும் அக்காரணம் பெட்டியின் சிறுமையைப் பற்றியதேயன்றிப் படத்தின் வடிவைப் பற்றியதன்று. சிறிய எழுத்தில் அச்சான நூலைப் படிக்க இயலாதவர்க்குப் பெரிய எழுத்துப் பதிப்பைத் தரலாம். வரிகளைக் குறைத்த பதிப்பைத் தந்து அதுவே முழுநூல் என்று சொல்லுதல் ஆகாது. பெட்டிக்கு அருகில் அமர்வது முதல் வழி. வேறு வழியின்றி முழுத்திரையைக் காண நேர்ந்தால், காண்பது சுருக்கப் பதிப்பு என்னும் உணர்வேனும் இருத்தல் வேண்டும்.

கரிய பட்டையை வீணான இடம் எனக் கருதுவதும் பொருந்தாது. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நிற்கிறது. ஓலையில் இடம் எஞ்சுகிறதே என்று நான்காஞ்சீரைச் சேர்ப்பார் எவருமிலர். அவ்வடி அங்கு முடிவதே அப்பாவின் இலக்கணம். பட்டையும் அத்தகையதே. படம் இங்கு முடிகிறது என அது அறிவிக்கிறது.

அகலமே முழுமையா?

இதனால் அகலமானதே எப்போதும் முழுமையானது என முடிவு கட்டுதல் கூடாது. 1.85 விகிதப் படங்கள் பல, பழைய உயரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டு, அரங்கில் மேலும் கீழும் மறைத்துக் காட்டப்பட்டவை. அவற்றின் முழுத்திரைப் பதிப்பில் மறைப்பை நீக்கிவிடுவதும் உண்டு. அப்போது முழுத்திரையில் காட்சி குறையாது, கூடும். ஆனால் கூடுவது நன்மையா?

டிம் பர்ட்டன் இயக்கிய 'பீ-வீஸ் பிக் அட்வென்ச்சர்' (1985) படத்தில், நாயகன் தன் மிதிவண்டியின் சிறு பெட்டியிலிருந்து சங்கிலியை இழுக்க இழுக்க அது முடிவின்றி வந்துகொண்டே இருக்கும். அரங்கம் சிரித்தது. மறைப்பு நீங்கிய பதிப்பிலோ பெட்டியின் அடியிலுள்ள துளை வழியாகச் சங்கிலி கீழிருந்து ஏறிவருவது தெரிந்துவிட்டது. மிகுதியாகக் கண்டவர் நகைச்சுவையை இழந்தனர். மறைக்கப்பட்டதும் படைப்பின் பகுதியே என்பதை இதனால் அறியலாம்.

ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' (1991), 'டைட்டானிக்' (1997) ஆகியன வேறொரு முறையில் அமைந்தவை. அங்குப் பெரிய சட்டகத்தில் படம்பிடித்து, அதிலிருந்து அகன்ற பகுதியை அரங்கிற்கும், உயர்ந்த பகுதியை வீட்டுத் திரைக்கும் எடுத்தனர். இவற்றின் முழுத்திரைப் பதிப்பு ஏனையவற்றைப் போல் மிகுதியாகச் சிதைவதில்லை. எனினும் அரங்கிற்கென அமைத்த காட்சி அகன்றதே.

படைப்பாளரே தம் சட்டகத்தை மாற்றியதும் உண்டு. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ, எல்லாத் திரைகளுக்கும் 2:1 என்னும் ஒரே விகிதம் வேண்டும் என 1998இல் முன்மொழிந்தார், 2.35 விகிதத்தில் வெளிவந்த தம் 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தின் டி.வி.டி. பதிப்பை 2:1 விகிதத்திலேயே அமைத்தார். 2010இல் வந்த புளூரே பதிப்பில் பழைய விகிதம் மீண்டது. ஆசிரியரே திருத்திய பாடத்தைக் கொள்வதா, முதற்பதிப்பைக் கொள்வதா என்னும் பதிப்பாசிரியரின் தடுமாற்றம் திரைக்கும் உண்டு போலும்.

புதிய பெட்டியும் பழைய படமும்

இன்றைய பெட்டிகளின் விகிதம் 16:9, அதாவது 1.78. பழைய 4:3 படத்திற்கும் 2.35 படத்திற்கும் இடைப்பட்ட பெருக்கல் சராசரியாக இவ்வெண் அமைவதை அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் 1980களில் எடுத்துக்காட்டினார். இருவேறு வடிவங்களுக்கும் ஓரளவே இடையூறு தரும் சமரசம் இது. இதில் 1.85 படம் ஏறக்குறைய நிரம்பும். சினிமாஸ்கோப் படத்திற்குத் திரையின் உயரத்தில் கால்பங்கு மட்டுமே பட்டையாகும்.

இப்போது இன்னல் பழைய படங்களின் பக்கம் திரும்பியுள்ளது. 'சந்திரலேகா' (1948), 'பராசக்தி' (1952), 'பதேர் பாஞ்சாலி' (1955) முதலியன அகலத்திரைக்கு முற்பட்ட சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இவற்றைப் புதிய பெட்டியில் காண்கையில் இடமும் வலமும் பட்டைகள் நிற்க வேண்டும். அவற்றை நிரப்ப முனைந்தால் மேலும் கீழுமாக ஏறத்தாழ 23 விழுக்காடு வெட்டுப்படும். 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் நிரைநிரையாக அடுக்கிய முரசுகளின் மீது ஆடுவோரின் தலையோ, முரசின் அடியோ போய்விடும். அன்று அகலத்தை வெட்டிய கை இன்று உயரத்தை வெட்டுகிறது.

2019இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய பகுதிகள் 16:9 அளவுக்கு வெட்டிக் காட்டப்பட்டன. ஒரு காட்சியில், மூன்று வகை எனப் பெயரிட்டு விற்கும் பானத் தொட்டிகள் மூன்றும் மேலேயுள்ள ஒரே குழாயிலிருந்து நிரம்பும். வணிகரின் ஏமாற்றை எள்ளும் அந்தக் குழாய் மேல்விளிம்போடு வெட்டுண்டது. எள்ளலும் உடன் போயிற்று. பார்வையாளர் முறையிட்டதன் பயனாக 2020இல் 4:3 வடிவமும் அங்குக் கிடைக்கலாயிற்று. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

விகிதம் என்பதே பொருள் உணர்த்தும் கருவி என்பதை இக்கால இயக்குநர் நன்கறிவர். வெஸ் ஆண்டர்சன் தம் 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) படத்தில் மூன்று காலங்களை மூன்று விகிதங்களால் வேறுபடுத்தினார். அதனை நிரப்பிக் காண்பவர் காலத்தின் அடையாளத்தையே இழப்பார்.

தேர்ந்து காணும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. படம் வெளிவந்த ஆண்டை அறிக. 1953க்கு முற்பட்டதாயின் பக்கப் பட்டைகளையும், பிற்பட்டதாயின் பெரும்பாலும் மேல் கீழ்ப் பட்டைகளையும் எதிர்பார்க்கலாம்.

2. தட்டின் உறையில் 1.33, 1.85, 2.35 என அச்சிட்டிருக்கும் எண்ணை நோக்குக. பெட்டிக்கு ஏற்ப மாற்றப்பட்டது என்னும் குறிப்பு இருந்தால் அது வெட்டுண்ட பதிப்பாக இருக்கக்கூடும்.

3. தொலைவியக்கியில் உள்ள 'ஜூம்', 'ஸ்ட்ரெச்' முதலிய அமைப்புகளை நீக்கி வைக்க. காட்சியில் ஒரு சக்கரமோ நிலவோ வட்டமாகத் தெரிகிறதா எனப் பார்த்தால் படம் இழுக்கப்பட்டதா என்பது விளங்கும்.

4. கைப்பேசியிலும் இதுவே நெறி. 20:9 அளவுள்ள கைப்பேசியில் 16:9 படத்தை விரலால் விரித்து நிரப்பினால் ஐந்தில் ஒரு பங்கு மறையும்.

5. தொலைக்காட்சிக்கென்றே 4:3 சட்டகத்தில் எடுத்த பழைய தொடர்களுக்கு அதுவே மூலவடிவம். அவற்றை அகலமாக்கித் தருவது சிறப்பன்று.

முடிவுரை

அகலத்திரையா, முழுத்திரையா என்னும் வினா, பெட்டியை நோக்கிக் கேட்கப்படுவதால்தான் விடையின்றி நீள்கிறது. படத்தை நோக்கிக் கேட்டால் விடை எளிது. எச்சட்டகத்தை எண்ணிப் படைப்பாளி காட்சியை அமைத்தாரோ அச்சட்டகமே முழுமை. அது சில படங்களுக்கு அகன்றிருக்கும். சில படங்களுக்கு உயர்ந்திருக்கும். இரண்டிலும் பட்டைகள் தோன்றும். இரண்டிலும் படம் குறையாது.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் செல்லரித்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பவில்லை, புள்ளியிட்டு விட்டனர். இடைவெளி கண்ணுக்கு உவப்பானதன்று. ஆயினும் அதனை நிரப்பாமல் விட்ட நேர்மையினால்தான் மூலம் எது என இன்று நாம் அறிகிறோம். வீட்டுத் திரையில் தோன்றும் கரிய பட்டைக்கும் அம்மதிப்பைத் தருதல் நம் கடமையாகும்.